பார்க்கலாம், ஆனா காப்பி எடுக்கக் கூடாது: அப்படி ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடுவுல வந்த "பாத்தீங்கன்னா", "அதாவது" எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டோம். மத்தபடி பேசினது பேசினபடியே.)

 

இந்த வாரம் நேரா ஒரு நேயர் கேள்விக்குப் போயிடலாம். அவர் கல்யாண வீடியோ எடிட் பண்றவர், ஃப்ரீலான்ஸ். அவர் அனுப்பின வாய்ஸ் நோட்டோட சாரம் இதுதான்: "ப்ரோ, எடிட் முடிஞ்சதும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்ல போட்டு கிளையன்ட் கிட்ட கொடுக்குறேன். பார்த்துட்டு கரெக்‌ஷன் சொல்றேன்னு வாங்கிட்டுப் போறாங்க. போன தடவை ஒருத்தர் மொத்தத்தையும் காப்பி பண்ணிட்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துட்டார். பாக்கி 30,000 ரூபாய்க்கு இன்னைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிக்கிறார். ஃபைலைத் திறந்து பார்க்கலாம், ஆனா காப்பி எடுக்க முடியாதுங்கிற மாதிரி டிஸ்க்ல செட் பண்ண ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இல்ல. ஒருத்தர் தன்னோட கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலைத் திறந்து பார்க்க முடியும்னா, அதைக் காப்பி எடுக்கவும் முடியும். "இருக்கு, 999 ரூபாய்தான்"னு யாராவது சொன்னா, அந்த 999 ரூபாயும் போச்சு.

ஆனா இதோட எபிசோடை முடிச்சா நீங்க திட்டுவீங்க. ஏன் முடியாதுன்னு புரிஞ்சா, எது முடியும்னு தானா தெரிஞ்சுடும். அவரோட 30,000 ரூபாய்க்கும் அதுலயே வழி இருக்கு.

டிஸ்க் கேள்வி கேக்காது

ஒரு வீடியோவை டபுள் கிளிக் பண்ணும்போது என்ன நடக்குது? கம்ப்யூட்டர் டிஸ்க் கிட்ட போய், "இந்த இடத்துல இருக்குற டேட்டாவைக் கொடு"ன்னு கேக்குது. டிஸ்க் கொடுக்குது. அது ராம்ல போய் உக்காருது. அங்கயே ஒரு பிரதி ஆகிடுச்சு, கவனிச்சீங்களா? அப்புறம் பிளேயர் அதை எடுத்து ஸ்க்ரீன்ல காட்டுது.

காப்பி பண்ணும்போது? அதே கேள்வி, அதே பதில். வந்த டேட்டா ஸ்க்ரீனுக்குப் போகாம இன்னொரு டிஸ்க்குக்குப் போகுது, அவ்வளவுதான். டிஸ்க்கைப் பொறுத்த வரைக்கும் ரெண்டும் ஒண்ணு. லைப்ரரில புக்கைக் கைல கொடுத்தாச்சு. அவர் படிக்கிறாரா, ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போறாரான்னு அலமாரிக்குத் தெரியாது.

இந்த இடத்துல ஒரு குழப்பம் வரும். "மெமரி கார்டுல சின்னதா ஒரு லாக் பட்டன் இருக்கே?" அது ரைட் புரொடெக்ட். அதாவது புதுசா எழுதவோ அழிக்கவோ விடாது. படிக்க நல்லாவே விடும். ரீட் ஒன்லினு பேர் வெச்ச எல்லாமே இந்த ஜாதிதான். உங்க ஃபைலை யாராவது அழிச்சுடுவாங்கன்னு பயம்னா உதவும். எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயம்னா உதவாது.

அடுத்த கேள்வி: "எங்க ஆபீஸ் லேப்டாப்ல பென் டிரைவ் போட்டா வேலையே செய்யாதே, அது எப்படி?" நல்ல கேள்வி. அங்க லாக் இருக்குறது லேப்டாப்ல. அந்த லேப்டாப் கம்பெனியோடது, அட்மின் உரிமை ஐடி டீம் கிட்ட இருக்கு, அதனால யூஎஸ்பிக்கு என்ன போகலாம், போகக் கூடாதுன்னு அவங்க முடிவு பண்றாங்க. உங்க ஹார்ட் டிஸ்க் போய் உக்காரப் போறது கிளையன்ட் வீட்டு லேப்டாப்ல. அங்க ராஜா அவர்தான். உங்க டிஸ்க் அங்க வெறும் விருந்தாளி.

ஹாலிவுட்டே இதுல தோத்திருக்கு. டிவிடி வந்தப்போ காப்பி எடுக்கக் கூடாதுன்னு சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு போட்டாங்க. டிவிடி பிளேயர் படத்தை ஓட்டணும்னா அதைத் திறக்குற சாவி பிளேயருக்குள்ள இருந்தாகணும். அந்த பிளேயர் எங்க இருக்கு? நம்ம வீட்டுல. 1999-ல டிசிஎஸ்எஸ்னு ஒரு குட்டி புரோகிராம் வெளிய வந்துச்சு, பூட்டு காலி. பூட்டையும் சாவியையும் ஒரே ஆள் கைல கொடுத்துட்டு "திறந்து பாரு, ஆனா எடுக்காதே"ன்னு சொல்ல முடியாது.

பூட்டு மாதிரி இருக்குற பூட்டுகள்

சரி, நம்ம மக்கள் வழக்கமா என்ன பண்றாங்க? வரிசையா பார்ப்போம்.

முதல்ல ஹிடன் ஃபோல்டர். விண்டோஸ்ல வியூ மெனுக்குப் போய் ஒரு டிக் போட்டா எல்லாம் தெரிஞ்சுடும். ஃபோல்டருக்கு "செமஸ்டர் 3 லேப் ரெக்கார்ட்"னு பேர் வெக்கிறதும் இதே ரகம். உங்க தம்பி அதைத்தான் முதல்ல திறப்பான்.

ரெண்டாவது, ஃபோல்டர் லாக் பண்ற சாஃப்ட்வேர்கள். எல்லாத்தையும் ஒரே மாதிரி சொல்ல முடியாது, சிலது உண்மையாவே என்கிரிப்ட் பண்ணும். ஆனா நிறைய, ஃபோல்டரை ஒளிச்சு வெச்சுட்டு முன்னாடி ஒரு பாஸ்வேர்ட் பெட்டியைக் காட்டுறதோட சரி. டெஸ்ட் பண்றது சுலபம். அந்த டிஸ்க்கை எடுத்துட்டுப் போய் அந்த சாஃப்ட்வேரே இல்லாத ஒரு லினக்ஸ் மெஷின்ல மாட்டுங்க. ஃபைல் திறந்தா, நீங்க வாங்கினது பூட்டு இல்ல, திரைச்சீலை.

மூணாவது, விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி செக்யூரிட்டி டேப்ல போடுற பர்மிஷன். உங்க கம்ப்யூட்டர்ல அது மதிக்கப்படும். வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா, அங்க அட்மினா இருக்குறவர் "இந்த ஃபோல்டர் இனி என்னோடது"ன்னு ஓனர்ஷிப் எடுத்துக்கலாம். விண்டோஸே அதுக்கு வழி கொடுத்திருக்கு.

இங்க ஒரு வித்தியாசத்தை நல்லா மனசுல பதிய வெச்சுக்கோங்க. பாஸ்வேர்ட் வேற, என்கிரிப்ஷன் வேற. பாஸ்வேர்ட் மட்டும்னா கேட்ல ஒரு வாட்ச்மேன் நிக்கிறார்னு அர்த்தம். பின்பக்கம் காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதிச்சா வீட்டுக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கும். என்கிரிப்ஷன்னா வீட்டுக்குள்ள இருக்குற ஒவ்வொரு காகிதமும் யாருக்கும் புரியாத எழுத்துல மாறிடுச்சுன்னு அர்த்தம். சுவர் ஏறிக் குதிக்கட்டும், காகிதத்தை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போகட்டும், படிக்க முடியாது.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு நாடே விலை கொடுத்திருக்கு. 2007-ல பிரிட்டன்ல வரித்துறை, ரெண்டு சிடில டேட்டாவைப் போட்டு இன்னொரு அரசு அலுவலகத்துக்கு அனுப்பினாங்க. சிடி போய்ச் சேரல. அதுல இருந்தது குழந்தைகளுக்கான உதவித்தொகை வாங்குற குடும்பங்களோட விவரம்: பேர், முகவரி, பிறந்த தேதி, பேங்க் அக்கவுன்ட். கிட்டத்தட்ட 2.5 கோடி பேர். சிடிக்கு பாஸ்வேர்ட் இருந்துச்சு. என்கிரிப்ஷன் இல்ல. அதனால "பாஸ்வேர்ட் போட்டிருந்தோம்"னு சொன்னது யாருக்கும் ஆறுதலா இல்ல.

சினிமாக்காரங்க ஹார்ட் டிஸ்க்கை எப்படி அனுப்புறாங்க?

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. உலகத்துலயே அதிகமா காப்பிக்கு பயப்படுற ஆளுங்க யாரு? படம் எடுக்குறவங்க. அவங்க புதுப் படத்தை தியேட்டருக்கு எப்படி அனுப்புறாங்க தெரியுமா? ஹார்ட் டிஸ்க்லதான். இப்போ சாட்டிலைட், இன்டர்நெட் வழியாவும் போகுது, ஆனா டிஸ்க்ல போறது இன்னும் இருக்கு. கொரியர்ல, பஸ்ல, பைக்ல போகும். நடுவுல நூறு கை மாறும்.

அந்த டிஸ்க்குக்குள்ள இருக்குறதுக்கு டிசிபினு பேர், டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். அதை யார் வேணா காப்பி எடுக்கலாம். தடையே இல்ல. எடுத்து என்ன பண்றது? உள்ள இருக்குற படமும் சத்தமும் 128 பிட் ஏஇஎஸ் முறைல என்கிரிப்ட் ஆகியிருக்கும். சாவி இல்லாம அது வெறும் குப்பை.

சாவி தனியா வரும். அதுக்குப் பேர்தான் கேடிஎம். பைக் இல்ல, நகைக்கடைல சொல்ற கேடிஎம்மும் இல்ல. கீ டெலிவரி மெசேஜ். சின்ன ஃபைல், மெயில்லயே வந்துடும். ஒரு கேடிஎம் ஒரு குறிப்பிட்ட தியேட்டர் சர்வருக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதுவும் இந்தத் தேதி இந்த நேரத்துல இருந்து, அந்தத் தேதி அந்த நேரம் வரைக்கும்னு கணக்கு. பக்கத்து ஸ்க்ரீன் சர்வர்ல போட்டாக்கூட திறக்காது.

ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோக்கு விடிகாலைல போய் நின்னு, "கேடிஎம் இன்னும் வரல"ன்னு தியேட்டர்ல சொல்லிக் கடுப்பானவங்க நம்மள்ல எத்தனை பேர்! படம் உள்ளேதான் இருக்கு, சர்வர்ல ஏத்தியாச்சு, ஆனா ஓடாது. பணப் பிரச்சினை எங்கயோ முடியணும், அப்புறம்தான் சாவி வரும். அந்த விஷயத்தை ஒரு தொழில்நுட்பக் கண்ணோட பாருங்க. பொருளைக் கொடுத்தாச்சு, அனுமதியைக் கொடுக்கல. ரெண்டையும் பிரிச்சுட்டாங்க. நம்ம எபிசோடோட மொத்த சாரமும் இதுதான்: காப்பி எடுக்குறதைத் தடுக்காதீங்க, காப்பியை உபயோகமில்லாம ஆக்குங்க. சாவி எப்போ, யாருக்குப் போகணும்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க.

"ப்ரோ, டிவிடிலயும் சாவி இருந்துச்சே, அது மட்டும் ஏன் உடைஞ்சுது?" தியேட்டர்ல சாவி திறக்குற இடம் ஒரு தனி ஹார்டுவேர் பெட்டி. அதைத் திறந்து நோண்டப் பார்த்தா உள்ள இருக்குற ரகசியங்களைத் தானே அழிச்சுக்குற மாதிரி செஞ்சிருக்காங்க. உங்க கிளையன்ட் லேப்டாப் அப்படி இல்ல.

அந்த தியேட்டர்லயும் கடைசில ஒரு ஓட்டை இருக்கு. படம் வெளிச்சமா ஸ்க்ரீன்ல விழுந்தாகணும். ஒருத்தர் செல்போனைத் தூக்கிப் பிடிச்சா முடிஞ்சுது. அதைத் தடுக்க எந்த என்கிரிப்ஷனும் கிடையாது. அதனால அங்க வேற உத்தி: படத்துக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க். எந்த சர்வர்ல, எந்த நேரத்துல ஓடினதுன்னு அந்தத் திருட்டு வீடியோல இருந்தே கண்டுபிடிக்கலாம். கூடவே சட்டம். 2023-ல சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தினாங்க. தியேட்டர்ல படத்தைப் பதிவு பண்ணா 3 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், குறைஞ்சது 3 லட்சம் அபராதம்.

ஆக வரிசை என்ன? சாவி இல்லாதவனுக்கு என்கிரிப்ஷன். சாவி உள்ளவனுக்கு அடையாளமும் ஒப்பந்தமும் சட்டமும். இதை அப்படியே நம்ம 1 டிபி டிஸ்க்குக்குக் கொண்டு வருவோம்.

டிஸ்க்கைப் பூட்டுறது எப்படி

விண்டோஸ்ல பிட்லாக்கர் டூ கோ. விண்டோஸ் 7 காலத்துல இருந்தே இருக்கு. டிஸ்க்கை மாட்டி, ரைட் கிளிக், டர்ன் ஆன் பிட்லாக்கர், பாஸ்வேர்ட், முடிஞ்சுது. புரோ எடிஷன் வேணும். ஹோம் எடிஷன்ல புதுசா பூட்ட முடியாது, ஆனா வேற இடத்துல பூட்டின டிஸ்க்கை பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கலாம். இது முக்கியம், ஏன்னா உங்க கிளையன்ட் கிட்ட பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும்.

நடுவுல ஒரு கேள்வி வரும்: பயன்படுத்தின இடத்தை மட்டும் என்கிரிப்ட் பண்ணவா, முழு டிஸ்க்கையுமா? புது டிஸ்க்னா முதல் ஆப்ஷன் போதும். ஏற்கெனவே பயன்படுத்தின டிஸ்க்னா கண்டிப்பா முழுசும். காரணம், நீங்க டெலீட் பண்ண பழைய ஃபைல்கள் உண்மையில அங்கயே கிடக்கும். குயிக் ஃபார்மட் பண்ணாலும் அப்படித்தான். இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா எழுந்து வரும். முழு டிஸ்க்குக்கு ராத்திரி பூரா ஆகலாம். ஆகட்டும்.

மேக்ல ஃபைண்டர்ல டிஸ்க் மேல ரைட் கிளிக் பண்ணி என்கிரிப்ட் கொடுத்தா போதும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்ல இருந்தா மட்டும், டிஸ்க் யூடிலிட்டில அழிச்சு என்கிரிப்ஷனோட புதுசா ஃபார்மட் பண்ணணும். லினக்ஸ்காரங்களுக்கு லக்ஸ் இருக்கு, அவங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

மூணுலயும் வேலை செய்யணும்னா வெராகிரிப்ட். இலவசம். 2014-ல நின்னுபோன ட்ரூகிரிப்ட்டோட வாரிசு. இதுல எனக்குப் பிடிச்சது கன்டெய்னர் முறை. டிஸ்க்குக்குள்ள 100 ஜிபிக்கு ஒரே ஒரு பெரிய ஃபைல் மாதிரி ஒரு பெட்டகம் உருவாக்கலாம். பாஸ்வேர்ட் போட்டா தனி டிரைவ் மாதிரி திறக்கும். மிச்ச இடம் சாதாரணமா இருக்கும். பூட்டின டிஸ்க்கை வீட்டு டிவி படிக்காது, ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்பாவுக்குப் பழைய படம் போட மிச்ச இடம், உங்க வேலைக்குப் பெட்டகம். டிஸ்க் பழைய ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா மட்டும் 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போட முடியாது, முதல்ல அதை மாத்திக்கோங்க.

வெராகிரிப்ட்ல கன்டெய்னர் வேண்டாம், டிஸ்க்கையே முழுசா பூட்டுறேன்னா ஒரு எச்சரிக்கை. அந்த டிஸ்க்கை விண்டோஸ்ல மாட்டின உடனே, "இதைப் பயன்படுத்தணும்னா ஃபார்மட் பண்ணணும்"னு விண்டோஸ் கேக்கும். அதுக்கு உள்ள இருக்குறது புரியல, காலி டிஸ்க்னு நினைக்குது. கேன்சல் கொடுக்கணும். வீட்டுல வேற யாராவது நல்ல எண்ணத்தோட ஓகே கொடுத்தா போச்சு. டிஸ்க் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க: "ஃபார்மட் கேட்டா வேண்டாம்னு சொல்லு".

"டிஸ்க்லயே ஹார்டுவேர் என்கிரிப்ஷன்னு போட்டு விக்கிறாங்களே?" சில டிஸ்க் நல்லா இருக்கும். ஆனா பெட்டில எழுதினதை மட்டும் நம்பாதீங்க. 2018-ல நெதர்லாந்துல ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சில பிரபல எஸ்எஸ்டிகளைப் பிரிச்சுப் பார்த்தாங்க. சில மாடல்கள்ல சரியான பாஸ்வேர்ட் இல்லாமலே டேட்டாவைத் திறக்க முடிஞ்சுது. அதுக்கப்புறம் 2019-ல மைக்ரோசாஃப்டே, பிட்லாக்கர் புதுசா பூட்டும்போது டிரைவோட ஹார்டுவேரை நம்பாம சாஃப்ட்வேர்ல என்கிரிப்ட் பண்ற மாதிரி மாத்திட்டாங்க.

சாவியைத் தொலைச்சா

பூட்டு நல்லா இருக்க இருக்க, சாவி தொலைஞ்சா வலி அதிகம். "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" பட்டன் இதுல கிடையாது. ஸ்டெஃபான் தாமஸ்னு ஒரு புரோகிராமர் கதை 2021-ல உலகம் பூரா நியூஸ் ஆச்சு. என்கிரிப்ட் பண்ண ஒரு யூஎஸ்பி டிரைவ், அதுக்குள்ள 7,002 பிட்காயினுக்கான சாவி. பாஸ்வேர்ட் எழுதின காகிதத்தைத் தொலைச்சுட்டார். 10 தடவை தப்பாப் போட்டா டிரைவ் நிரந்தரமா மூடிக்கும். அப்போ அவர் 8 தடவை போட்டு முடிச்சிருந்தார்.

அதனால மூணு விஷயம். பிட்லாக்கர் கொடுக்குற 48 இலக்க ரெக்கவரி கீயை பிரின்ட் எடுத்து வீட்டுல பத்திரம், ரேஷன் கார்டு இருக்குற ஃபைல்ல வெங்க. அதே டிஸ்க்ல சேவ் பண்ணாதீங்க, அது பூட்டுக்குள்ள சாவியை வெச்சுப் பூட்டுற கதை. வெராகிரிப்ட்னா வால்யூம் ஹெடர் பேக்கப் எடுத்து வேற இடத்துல வெங்க.

பாஸ்வேர்ட் நீளமா இருக்கணும். பிட்லாக்கர், வெராகிரிப்ட்ல பூட்டின டிஸ்க்கைத் திருடினவன் அதோட முழு நகலை எடுத்து வெச்சுட்டு, தன்னோட மெஷின்ல எத்தனை கோடி தடவை வேணாலும் முயற்சி பண்ணலாம். தடுக்க ஆள் கிடையாது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அஞ்சாறு வார்த்தை போடுங்க. முருங்கைக்காய், மழைக்கோட்டு, திங்கட்கிழமைன்னு ஆங்கில எழுத்துல அடிக்கலாம். இப்போ நான் சொன்னதையே போடாதீங்க. பாட்டு வரி, பஞ்ச் டயலாக் வேண்டவே வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச டயலாக் அவனுக்கும் தெரியும்.

மூணாவது, இன்னொரு டிஸ்க்ல இன்னொரு பிரதி, அதையும் பூட்டி. என்கிரிப்ஷன் திருட்டுக்குத்தான் மருந்து. டிஸ்க் கீழ விழுந்து போனா பேக்கப்தான் மருந்து.

யார் கிட்ட கொடுக்குறோம்?

இப்போ ஆளுக்கு ஆள் பிரிச்சுப் பார்ப்போம்.

தொலைஞ்சு போறது. பூட்டியிருந்தா உங்க நஷ்டம் டிஸ்க்கோட விலை மட்டும். பூட்டலன்னா? 2017-ல லண்டன்ல ரோட்டுல ஒருத்தர் கைல ஒரு பென் டிரைவ் கிடைச்சுது. அது ஹீத்ரூ ஏர்போர்ட் ஊழியர் தொலைச்சது. 1,000-க்கும் மேல ஃபைல், பாஸ்வேர்டும் இல்ல, என்கிரிப்ஷனும் இல்ல. எடுத்தவர் ஒரு லைப்ரரி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தார், எல்லாம் திறந்துச்சு. அடுத்த வருஷம் ஏர்போர்ட்டுக்கு 1,20,000 பவுண்டு அபராதம்.

பிரின்ட் கடை, பிரவுசிங் சென்டர். இங்க பூட்டு உதவாது. நீங்களே பாஸ்வேர்ட் போட்டுத் திறந்த நிமிஷத்துல இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லாமே தெரியும். பாஸ்வேர்டையே அது பதிவு பண்ணலாம். ஒரு பக்கம் பிரின்ட் எடுக்க 1 டிபி வாழ்க்கையைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒரு சின்ன பென் டிரைவ்ல போட்டுக் கொண்டு போங்க.

சர்வீஸ் கடை. இதுல நான் கொஞ்சம் சீரியஸாப் பேசணும். 2008-ல ஹாங்காங்ல ஒரு நடிகரோட அந்தரங்கப் படங்கள் இன்டர்நெட்ல பரவுச்சு. அவர் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்ல இருந்து போனது. காப்பி எடுத்த டெக்னீஷியனுக்கு ஜெயில் தண்டனை கிடைச்சுது. ஆனா அந்தப் படங்கள்ல இருந்த பெண்கள் வருஷக்கணக்கா அனுபவிச்சது அந்தத் தண்டனையை விடப் பெருசு. அவங்க யாரும் எதையும் ரிப்பேருக்குக் கொடுக்கல. அவங்க படம் வேற ஒருத்தர் கைல இருந்துச்சு, அவ்வளவுதான். உங்க டிஸ்க்ல இருக்குற எல்லாமே உங்களோடது மட்டும் இல்ல. ஃப்ரெண்ட்ஸ் படம், தங்கச்சியோட ஆதார் ஸ்கேன், அம்மாவோட மெடிக்கல் ரிப்போர்ட். பூட்டுறது அவங்களுக்காகவும்தான்.

பூட்டின டிஸ்க் கெட்டுப்போனாலும் ரெக்கவரி பண்ண வழி உண்டு. பாஸ்வேர்ட் கொடுக்காம, "உள்ள திறக்க வேண்டாம், அப்படியே சுத்தமா ஒரு நகல் எடுத்து வேற டிஸ்க்ல கொடுங்க"ன்னு கேளுங்க. வீட்டுக்கு வந்து நீங்க திறந்துக்கலாம். திறந்துதான் ஆகணும்னா, கூட உக்காந்து பாருங்க.

சரி, அந்த 30,000 ரூபாய்?

கடைசியா கிளையன்ட். இவர் பார்த்தாகணும், ஆனா காசு கொடுக்குற வரைக்கும் முழுசா போகக் கூடாது. சினிமாக்காரங்க வழியை அப்படியே எடுத்துக்கோங்க.

கரெக்‌ஷனுக்குக் கொடுக்கும்போது 480பி-ல எக்ஸ்போர்ட் பண்ணி, ஃப்ரேம் நடுவுல "பிரிவ்யூ" கூட அவங்க பேரையும் தேதியையும் வாட்டர்மார்க் போட்டுக் கொடுங்க. ஓரத்துல போட்டா கிராப் பண்ணிடுவாங்க. இதை அவங்க காப்பி எடுக்கட்டும், பரவாயில்ல. முகூர்த்த வீடியோவை நடுவுல கோடு போட்டு யாரும் சொந்தக்காரங்களுக்குக் காட்ட மாட்டாங்க.

கரெக்‌ஷன் முடிஞ்சு ஃபைனல் கொடுக்கும்போது, முழு வீடியோவையும் பிட்லாக்கர்லயோ கன்டெய்னர்லயோ பூட்டி டிஸ்க்கையே கொடுத்துடுங்க. பாக்கி ஜிபேல விழுந்ததும் பாஸ்வேர்ட் வாட்ஸ்அப்ல போகட்டும். இதுதான் உங்க கேடிஎம். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி பாஸ்வேர்ட், உங்க சொந்த பாஸ்வேர்ட் இல்ல. அவர் கம்ப்யூட்டர்ல எது திறக்கும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. மேக் வெச்சிருந்தா பிட்லாக்கர் டிஸ்க் தானா திறக்காது.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. இதை வேலை ஆரம்பிக்கும்போதே கொட்டேஷன்ல எழுதிடணும்: பிரிவ்யூ இப்படி வரும், ஃபைனல் இப்படி வரும், பாக்கி வந்ததும் சாவி. அவங்க கல்யாணம் அது. சொல்லாம கடைசில பூட்டி வெச்சா, நீங்க பிணையா பிடிச்சு வெச்ச மாதிரி ஆகிடும். முன்னாடியே சொன்னா அது தொழில் முறை, தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிற மாதிரி.

அனுமதி இல்லாம எடுத்துட்டாங்கன்னா சட்டமும் இருக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. உரிமையாளர் அனுமதி இல்லாம டேட்டாவைக் காப்பி எடுக்குறது தப்புன்னு சொல்லுது. கழட்டி எடுத்துட்டுப் போற ஸ்டோரேஜ்ல இருக்குற டேட்டாவையும் வார்த்தையாவே சேர்த்திருக்கு. நேர்மையில்லாத நோக்கத்தோட பண்ணா பிரிவு 66, 3 வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது 5 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அந்தரங்கப் படத்தை வெச்சு யாராவது மிரட்டினா பேசிக்கிட்டே இருக்காதீங்க, காசும் கொடுக்காதீங்க. மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு 1930-க்குப் போன் பண்ணுங்க, இல்ல சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் கொடுங்க.

இந்த வாரத்து வேலை

ரெண்டே வேலை. ஒண்ணு, வீட்டுல இருக்குற எல்லா ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் மேசை மேல கொட்டுங்க. ஒவ்வொண்ணையும் எடுத்து, "இது நாளைக்கு ஷேர் ஆட்டோல விழுந்துட்டா யாருக்கு வலிக்கும்?"னு கேளுங்க. ஒரு பேராவது ஞாபகம் வந்தா அதைப் பூட்டணும். ரெண்டு, பூட்டுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க, பூட்டினதுக்கு அப்புறம் பாஸ்வேர்ட் போட்டு ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, அப்புறமா பழைய பிரதியை அழிங்க. இந்த வரிசை மாறக் கூடாது.

அடுத்த எபிசோட்ல கிளவுட் ஸ்டோரேஜ். "அதான் கூகுள் டிரைவ்ல இருக்கே, எனக்கு எதுக்கு ஹார்ட் டிஸ்க்"னு சொல்றவங்க எல்லாம் கண்டிப்பா வாங்க. கேள்வி இருந்தா வழக்கம் போல வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. பார்ப்போம் மக்களே.